நாய்க்கு வீட்டிலேயே பிஸ்கட்: நடுவில் ஈரம் நிற்கிறது, வழி சொல்லுங்கள்

எங்கள் நாய் கோதுமை சேர்ந்த எதைத் தின்றாலும் காதையும் வயிற்றையும் சொறிந்துகொண்டே இருக்கிறான். மருத்துவர் கோதுமையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதனால் ஓட்ஸ் மாவு, வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒரு முட்டை, இவ்வளவுதான் போட்டுப் பிசைந்து ஓவனில் 160 டிகிரியில் சுடுகிறேன். உப்பும் சர்க்கரையும் கிடையாது.

வாசனை வந்ததுமே ஓடி வந்து காலடியில் உட்கார்ந்துவிடுவான், அவ்வளவு பிடித்திருக்கிறது! ஆனால் ஓரம் மொறுமொறுவென்று இருக்க, உடைத்துப் பார்த்தால் நடுவில் பிசுபிசுப்பு. டப்பாவில் போட்டால் சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடுகிறது. கிழங்கின் ஈரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். மாவை இன்னும் மெல்லிசாகத் தேய்க்கவா, சூட்டைக் குறைத்து அதிக நேரம் வைக்கவா? ஓவனை அணைத்த பிறகு உள்ளேயே விட்டு உலர்த்துகிறவர்கள் இருந்தால், எவ்வளவு நேரம் விடுகிறீர்கள்?

தின்பண்டம் அன்றாடக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் சின்னத் துண்டுகளாகத்தான் வெட்டுகிறேன். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கலந்த செய்முறைகள் தயவுசெய்து வேண்டாம். சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பூட்டி) சேர்த்த கடலை வெண்ணெயும் நாய்க்கு நஞ்சுதான். முட்டை இல்லாமல் மாவு உதிராமல் பிடிக்க என்ன சேர்க்கலாம் என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.