சாத்தான் பூசைப் படங்கள்: நல்லதாக நாலு சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். ஒரு சின்ன உதவி.

கோண்டாவிலில் எங்கட வீட்டு விறாந்தையில் வெள்ளை வேட்டியைக் கட்டி, சனிக்கிழமை இரவுகளில் மச்சான்மாரோடு படம் போடுவோம். போன கிழமை 1966இல் வந்த 'மனோஸ்: த ஹாண்ட்ஸ் ஒஃப் ஃபேட்'. அமெரிக்காவில் எல் பாஸோ ஊரில் உரம் விற்ற ஹரோல்ட் வொரன் என்பவர் ஏறக்குறைய 19,000 டொலரில் எடுத்தது. கமரா ஒரு தடவைக்கு 32 விநாடிதான் ஓடுமாம். குரல்கள் எல்லாம் பிறகு ஒட்டியவை. பூசைக் கூட்டத்துத் தலைவர் கறுப்பு அங்கியை விரிக்கிறார், உள்ளே பென்னாம்பெரிய சிவப்பு விரல்கள்! "வௌவால் கையுறை போட்டிருக்கு" என்றார் அம்மம்மா. அதற்குப் பிறகு யார் பயப்படுவது?

நடிப்பவர்கள் ஒரு துளியும் சிரிக்காமல், உயிரைக் கொடுத்துச் செய்கிறார்கள். அதுதான் சுவை. வேண்டுமென்றே கோமாளித்தனம் பண்ணும் புதுப் படங்களில் எனக்கு அது கிடைப்பதில்லை.

1975இன் 'த டெவில்ஸ் ரெயின்' பார்த்தாச்சு (மெழுகாய் உருகும் முகங்களுக்காகவே இரண்டு தரம்), அதை விட்டுவிடுங்கோ. அறுபது எழுபதுகளில் வந்த, அங்கி, மெழுகுதிரி, ஆட்டு மண்டையோடு எல்லாம் உள்ள மலிவுப் படங்களாகச் சொல்லுங்கோ. இரத்தம் குறைவாக இருக்கட்டும், அம்மம்மா வெற்றிலைத் தட்டத்தோடு முன்வரிசையில். ஆங்கிலத் துணைவரி இருந்தால் நல்லது. பழைய வீடியோக் கடைக் கொப்பிகள் யாரிடமாவது கிடந்தால், யாழ்ப்பாணத்துக்குள் எங்கே என்றாலும் வந்து எடுப்பேன்.