அரசியல் உரைகளைக் கணினியில் அலசுகிறவர்களே, மறக்க முடியாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். பிஎச்டி இரண்டாம் ஆண்டு. சில ஆயிரம் நாடாளுமன்ற உரைகளை டாபிக் மாடலில் போட்டிருந்தேன். பிளே, இங், ஜோர்டன் மூவரும் 2003-இல் எழுதிய கட்டுரையில் வந்த எல்டிஏ முறைதான். எந்தெந்தச் சொற்கள் ஒரே உரையில் சேர்ந்து வருகின்றன என்று பார்த்து உரைகளைக் கொத்துக் கொத்தாகப் பிரித்துத் தரும். கொத்துக்குப் பெயர் வைப்பது மட்டும் நம் வேலை. ஒரு கொத்தில் 'நன்றி', 'உறுப்பினர்', 'ஏற்பு', 'திருத்தம்' என்ற சொற்கள் முன்னால் நின்றன. 'கட்சிகளுக்கிடையே இணக்கம்' என்று பெயர் வைத்து, அது வருடா வருடம் கூடுகிறது என்று வரைபடமும் போட்டுவிட்டேன்.

எங்கள் ஆய்வுக் குழுவில் ஒரு அம்மா இருந்தார். பல வருடமாக அரசியல் உரைகளைக் கையால் கோடிங் செய்தவர், அதாவது ஒவ்வொன்றையும் படித்து அது எந்த வகை என்று குறித்தவர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கொத்துல முதல் இருபது பேச்சை எடுங்க, சேர்ந்து படிப்போம்" என்றார். மூன்றாவது பேச்சிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எல்லாம் அவைத்தலைவர் சொன்னவை: உறுப்பினருக்கு நன்றி, அடுத்த திருத்தத்துக்குப் போகலாம், இவ்வளவுதான். இணக்கம் எதுவும் கூடவில்லை. ஏதோ ஒரு வருடத்திலிருந்து பதிவுமுறை மாறி, அவைத்தலைவரின் குறுக்கீடு ஒவ்வொன்றும் தனிப் பேச்சாகக் கோப்பில் ஏறியிருக்கிறது. அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு பென்சிலை எடுத்து, இருபது பேச்சுக்கும் பக்கத்தில் இது என்ன வகை என்று ஒரே ஒரு சொல்லில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கிரிமர், ஸ்டூவர்ட் இருவரும் 2013-இல் எழுதிய கட்டுரையை அதற்கு முன்பே படித்திருந்தேன். மொழிக்கான எண் மாதிரிகள் எல்லாமே தவறு, ஆனால் சில பயன்படும். அதனால் சரிபார்த்துக்கொண்டே இரு என்பார்கள். அந்த இடத்தில் அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். அந்த இருபது பேச்சைப் படித்த மத்தியானம்தான் அது எனக்குள் இறங்கியது.

* * *

மேலே எழுதியவருக்கு வணக்கம். எனக்கு நினைவில் நிற்பது ஒரு வேலை நேர்காணல்.

இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அரசியல் துறையில் போய் நின்றால் "இதில் அரசியல் எங்கே?" என்பார்கள். கணினித் துறையிலோ "புது அல்காரிதம் எங்கே?" என்பார்கள். அன்றும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், அதுவரை பேசாமலிருந்த ஒரு மூத்த பேராசிரியர், "ஸ்டாப்வேர்டுகளை ஏன் நீக்கினீர்கள்?" என்று கேட்டார். 'அது', 'என்று' போல எங்கும் வரும் சின்னச் சொற்கள்தான் ஸ்டாப்வேர்டு. எல்லோரும் நீக்குவார்கள், அதனால் நானும் நீக்கினேன். அதுதான் உண்மை, அதையே சொன்னேன்.

அவர் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு விளக்கினார். 1787–88-இல் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் வந்த 85 கட்டுரைகள். அவற்றில் 12 கட்டுரைகளை அன்றைய அமெரிக்கத் தலைவர்களில் ஹாமில்டன் எழுதினாரா, மேடிசன் எழுதினாரா என்று நெடுங்காலம் சர்ச்சை. மோஸ்டெல்லர், வாலஸ் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1964-இல் வெளியிட்ட ஆய்வில் பன்னிரண்டும் மேடிசன் பக்கமே சாய்ந்தன. அவர்கள் நம்பியது பெரிய கொள்கைச் சொற்களை அல்ல. 'அப்பான்' (upon) போன்ற சின்ன ஆங்கிலச் சொற்களை. ஹாமில்டன் அதை அடிக்கடி எழுதுவார், மேடிசன் அபூர்வமாகத்தான். ஸ்டாப்வேர்டு என்று நாம் தூக்கிப் போடுவது அதே வகைச் சொற்களைத்தான்!

வேலை கிடைக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் என் பேப்பரை வேறு வேறு முன்தயாரிப்பில் மறுபடி ஓட்டினேன். டென்னி, ஸ்பிர்லிங் 2018-இல் காட்டியது போல, செய்யலாமா வேண்டாமா என்ற ஏழு முடிவுகள் இருந்தாலே 128 விதமாகத் தரவைத் தயாரிக்கலாம். என் பேப்பரின் முக்கியமான கண்டுபிடிப்பு சில விதங்களில் நின்றது, பல விதங்களில் விழுந்தது. நின்றது எது, விழுந்தது எது என்று இரண்டையும் எழுதித்தான் பிறகு வெளியிட்டேன்.

* * *

நான் கையால் கோடிங் செய்கிற பக்கத்து ஆள். தேர்தல் அறிக்கைகளுக்கு, பல நாட்டுக் கட்சிகளின் அறிக்கைகளை வகைபிரிக்கும் மேனிஃபெஸ்டோ ப்ராஜெக்ட் என்ற ஆய்வுத் திட்டத்தின் வகைப்பாட்டைப் பயன்படுத்துகிறோம். 1979-இல் தொடங்கிய முயற்சி அது. 56 வகைகள். ஒரு வாக்கியத்தில் இரண்டு வாக்குறுதி இருந்தால் இரண்டாக வெட்ட வேண்டும். 'வரியைக் குறைப்போம், பள்ளிகள் கட்டுவோம்' என்றால் இரண்டு துண்டு. அது சுலபம்.

'வலுவான ராணுவம் இருந்தால்தான் அமைதி நிலைக்கும்.' இதை எதில் போடுவீர்கள்? ராணுவத்துக்கு ஆதரவு என்று ஒரு வகை, அமைதி என்று இன்னொரு வகை. நானும் என்னோடு கோடிங் செய்யும் அக்காவும் இந்த ஒரு வரிக்கு அரை மணி நேரம் வாதாடினோம். நான் ராணுவம் என்றேன். அறிக்கையின் அந்தப் பத்தி முழுக்க சமாதானப் பேச்சைப் பற்றியது, அதனால் அமைதிதான் என்றார் அவர்.

போன மாதம் ஒரு மாணவி வந்தார். சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரி ஒன்றை வைத்து அறிக்கை முழுவதையும் ஒரே இரவில் கோடிங் செய்திருந்தார். அந்த வரிக்கு அது ராணுவம் என்று போட்டிருந்தது. "மாடல் சரியா என்று பார்க்க வேண்டும். உங்க ரெண்டு பேர்ல யார் விடையோட ஒப்பிடட்டும்?" என்று கேட்டார்.

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்புறம் மூவருமாக உட்கார்ந்து, கையேட்டில் அந்த இரண்டு வகைகளின் விளக்கத்தையும் முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தோம்.