சிப்பிக் காளான் பெட்டில் எதைப் போட்டால் எந்தச் சத்து ஏறும்?

தவிடு கலந்த பெட்டில் (வைக்கோலும் வித்தும் அடைத்த பையில்) வந்த காளானுக்கு மருத்துவக் குணம் அதிகம் என்று விற்கிறார்கள். தவிடு முதலில் கூட்டுவது மகசூலையும் புரதத்தையும்தான். புரதத்துக்கு வேண்டிய தழைச்சத்து (நைட்ரஜன்) நெல் வைக்கோலில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. காய்ந்த வைக்கோல் எடையில் 5 சதவீதம் தவிடு போட்டாலே வித்தியாசம் தெரியும். அளவு மீறினால் பெட்டுக்குள் சூடேறி, பச்சைப் பூஞ்சாணம் வந்து உட்கார்ந்துவிடும். வேகவைத்த வைக்கோல் மேல் தவிட்டை அப்படியே தூவுவதுதான் பலர் செய்கிற தப்பு. தவிட்டைத் தனியாகக் குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில் ஒரு மணி நேரம் வைத்து, ஆறவிட்டுக் கலக்கணும். வைக்கோலைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாகணும்.

* * *

மருத்துவக் குணம் என்று சொல்லும்போது பேசப்படும் எர்கோதயோனின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டின் கதை வேறு. ஹிஸ்டிடின், சிஸ்டீன், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களை வைத்துக் காளானே அதைத் தயாரிக்கிறது. அவை ஊடகத்தில், அதாவது பெட்டில் அடைக்கும் வைக்கோல், தவிட்டில் கூடினால் இதுவும் கூட வழியுண்டு. ஆனால் ரகத்துக்கு ரகம், அறுவடைக்கு அறுவடை அளவு மாறும். ஒப்பிடணும்னா ஒரே வித்து, ஒரே அறை, முதல் அறுப்போடு முதல் அறுப்பு. லேப் ரிப்போர்ட் வந்ததும் பச்சை எடைக்கா, உலர் எடைக்கா என்று பாருங்க. பச்சைக் காளானில் 90 சதவீதம் தண்ணீர். இதைக் கவனிக்காவிட்டால் பத்து மடங்கு ஏமாறலாம். பீட்டா குளுக்கான் (காளானின் நார்ச்சத்து) அளவு, மாவுச்சத்து வகையான ஆல்ஃபா குளுக்கானைக் கழித்த கணக்கா என்றும் கேளுங்க. தானியத்தோடு சேர்த்து அரைத்த பொடியில் மாவுச்சத்தும் "குளுக்கான்" என்று ஏறிவிடும்.

* * *

ஊடகம் சொன்னபடி கேட்பது செலினியம் என்ற தாதுதான். பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் சில இடங்களில் மண்ணிலேயே அது மிகுதி. அங்கே விளைந்த கோதுமை வைக்கோலில் வளர்த்த சிப்பிக் காளானிலும் ஏறியது. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் சோடியம் செலினைட் என்ற செலினிய உப்பைக் கலக்காதீங்க. அமெரிக்க அளவுகோலில் பெரியவர்களுக்கான செலினிய உச்ச வரம்பே நாளுக்கு 400 மைக்ரோகிராம். நம் தராசு அதற்கு உதவாது. செலினியம் போலவே காட்மியம் என்ற நச்சு உலோகமும் ஊடகத்திலிருந்து காளானில் ஏறும், அதனால் ஆலைக் கழிவு கலந்த வைக்கோல், பஞ்சுக் கழிவு வேண்டவே வேண்டாம். இன்னொன்று: 100 லிட்டர் தண்ணீருக்கு 7.5 கிராம் கார்பெண்டாசிம் (பூஞ்சாணக்கொல்லி), 125 மில்லி ஃபார்மலின் போட்டு வைக்கோலை 16-18 மணி நேரம் ஊறவைக்கும் முறை மலிவுதான். ஆனால் "ஆரோக்கியம்" என்று லேபிள் ஒட்டுவதென்றால் நீராவியே சரி.

* * *

வைட்டமின் டி-யை இதில் சேர்க்காதீங்க அண்ணா. அது வைக்கோலால் வருவதில்லை. காளானில் உள்ள எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருள் மேல் புற ஊதா ஒளி பட்டு டி2 ஆகிறது. அறுத்த காளானை நறுக்கி, குடைக்கு அடியில் உள்ள மடிப்புப் பக்கம் மேலே பார்க்க, உச்சி வெயிலில் அரை மணி நேரம் வைத்தால் போதும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் பலனில்லை.

எர்கோதயோனின் தண்ணீரில் கரையும், அதனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் குழம்பிலேயே விடுங்க. தண்டையும் வீசாதீங்க, பீட்டா குளுக்கான் பெரும்பாலும் அதில்தான் கூடுதல்.