வால்ட் டிஸ்னி வேர்ல்டு: மோனோரயில் தடத்து விடுதிகளுக்குக் கூடுதல் வாடகை தருவது தகுமா?

கேள்வி: நெய்தல்நிலவன்

வணக்கம். கோடை விடுமுறையில் என் பெற்றோரையும் ஐந்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஃபுளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். மேஜிக் கிங்டம், எப்காட் ஆகிய இரண்டு பூங்காக்கள்தாம் எங்கள் திட்டத்தில் உள்ளன. முழங்கால் வலியால் அம்மாவால் சிறிது தூரத்துக்கு மேல் நடக்க இயலாது. மற்ற நேரங்களில் சக்கர நாற்காலிதான். கன்டெம்பரரி, பாலினேசியன், கிராண்ட் ஃபுளோரிடியன் ஆகிய மூன்று விடுதிகளும் மோனோரயில் (உயரத்தில் ஒற்றை உத்தரத்தின்மேல் ஓடும் ரயில்) தடத்திலேயே இருப்பதாகச் சொல்கிறார்கள். வாடகையோ மலைக்க வைக்கிறது. ரயில் வசதிக்காக அவ்வளவு கொடுக்கலாமா, கொடுப்பதென்றால் மூன்றில் எது பொருத்தம் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: ஏரிக்கரையார்

விடுதி தடத்தில் இருக்கிறதா என்பதைவிட, ரயில் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை முதலில் பாருங்கள். இந்த விடுதிகளுக்கும் மேஜிக் கிங்டத்துக்கும் நடுவேயுள்ள ஏரியைச் சுற்றி இரண்டு தடங்கள் உள்ளன. எக்ஸ்பிரஸ் தடம், டிடிசி எனப்படும் டிரான்ஸ்போர்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டர் என்ற ரயில் மாறும் மையத்தையும் மேஜிக் கிங்டத்தையும் மட்டும் இணைக்கிறது. விடுதிகளில் நிற்கும் ரிசார்ட் தடமோ மேஜிக் கிங்டம், கன்டெம்பரரி, டிடிசி, பாலினேசியன், கிராண்ட் ஃபுளோரிடியன் என்ற வரிசையில் ஒரே திசையில் சுற்றி, மீண்டும் மேஜிக் கிங்டத்துக்கு வருகிறது.

இதனால் ஒரு வேடிக்கை நேர்கிறது. மேஜிக் கிங்டத்துக்கு மிக அருகில் இருப்பது கன்டெம்பரரிதான்; ஆனால் அங்கிருந்து ரயிலில் புறப்பட்டால் மற்ற எல்லா நிலையங்களையும் சுற்றிய பிறகே பூங்காவை அடைய முடியும். நடந்தால் பத்து நிமிடங்களே ஆகும் என்பதால் அங்கே தங்குவோரில் பலர் காலையில் நடந்தே போய்விடுகிறார்கள். திரும்பும்போது அதுவே முதல் நிறுத்தம் என்பதால் இரவில் களைத்த குழந்தையோடு வருவோருக்கு அதைவிட வசதி வேறில்லை. கிராண்ட் ஃபுளோரிடியனில் நிலைமை நேர் எதிர்: போகும்போது அடுத்த நிறுத்தமே பூங்கா, திரும்பும்போது முழுச் சுற்று.

எப்காட்டுக்கான தடம் 1982-இல் அந்தப் பூங்காவோடு திறக்கப்பட்ட தனித் தடம்; அது டிடிசியிலிருந்துதான் கிளம்புகிறது. பாலினேசியனிலிருந்து டிடிசிக்கு எளிதாக நடந்துவிடலாம். சக்கர நாற்காலியையும் தள்ளிச் செல்லலாம். எப்காட்டிலிருந்து திரும்பும்போது நடக்க மனமில்லையென்றால், டிடிசியில் ரிசார்ட் தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே பாலினேசியன். உங்கள் இரண்டு பூங்காக்களையும் கருதினால் என் தெரிவு அதுவே.

பதில் 2: பொறிவாணன்

ஏரிக்கரையார் கூறிய வழித்தடக் கணக்கு சரியானது. ஆயினும் ரயிலை மட்டும் நம்பி அவ்வளவு வாடகை கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏரியைச் சுற்றும் தடம் 1971 அக்டோபரில் மேஜிக் கிங்டத்தோடு சேர்ந்தே ஓடத் தொடங்கியது. இன்றுள்ள ஆறு பெட்டி ரயில்கள் 1989-க்கும் 1991-க்கும் இடையில் பம்பார்டியர் நிறுவனம் கொடுத்தவை. ஒவ்வொரு தடமும் ஒற்றைக் கான்கிரீட் உத்தரமே. அதனால் ஒரு ரயில் பழுதாகி நின்றால் பின்னால் வருவது அதை முந்த முடியாது. சாதாரண ரயில் பாதையில் இரும்பு நாக்கு நகர்ந்தால் தடம் மாறிவிடும். இங்கே உத்தரத்தின் ஒரு பகுதியையே நகர்த்தியாக வேண்டும். 2009 ஜூலையில் ஒரு ரயிலை வேறு தடத்துக்கு மாற்ற முயன்றபோது, அந்த உத்தரம் உரிய நிலையில் இல்லாததால் ரயில் அதே தடத்தில் பின்னோக்கி வந்து, நிலையத்தில் நின்ற மற்றொரு ரயிலில் மோதியது. நின்ற ரயிலின் ஓட்டுநர் உயிரிழந்தார். அதுவரை ஓட்டுநர் அறையில் பயணிகளையும் அமரவைத்து வந்தார்கள்; அவ்வழக்கம் அத்துடன் நின்றது.

தவிர, மோனோரயிலில் ஏற விடுதியில் தங்கியிருக்க வேண்டியதில்லை; கட்டணமும் கிடையாது. வேறு விடுதியில் தங்கினாலும் ஒரு மாலையில் முழுச் சுற்று வரலாம். கன்டெம்பரரி கட்டடத்தின் நடுக்கூடத்துக்குள்ளேயே ரயில் நுழைந்து வெளியேறுவதை உங்கள் மகள் அவசியம் பார்க்க வேண்டும்.

பதில் 3: கடற்கரைத்தடம்

ஒப்பீட்டுக்காக டோக்கியோவைச் சொல்கிறேன். அங்குள்ள டிஸ்னி ரிசார்ட் லைன் என்ற மோனோரயில் 2001 ஜூலையில் திறக்கப்பட்டது. சுமார் 5 கிலோமீட்டர் சுற்றில் நான்கே நிலையங்கள். அதுவும் ஒரே திசையில்தான் ஓடுகிறது. ஆனால் அதில் ஏறக் கட்டணம் உண்டு. ஃபுளோரிடாவில் அந்தச் செலவை விடுதி வாடகையில் வசூலித்துவிடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேட்டவர்: நெய்தல்நிலவன்

மூவருக்கும் நன்றி. பாலினேசியன் என்ற முடிவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம். சக்கர நாற்காலியிலிருந்து எழாமலேயே அம்மா ரயிலில் ஏற முடியுமா?

பதில் 4: ஏரிக்கரையார்

முடியும். நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையில் ஊழியர்களே சாய்பலகை வைத்துத் தருவார்கள். இறங்கும் நிலையத்தை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மகளுக்குத் தள்ளுவண்டி கொண்டுபோனால் அதையும் மடிக்க வேண்டியதில்லை. பேருந்தில் மடிக்க வேண்டியிருக்கலாம். பூங்கா மூடும் நேரத்தில் மேஜிக் கிங்டம் நிலையத்தில் கூட்டம் நெரியும் என்பதால், அன்றிரவு விடுதிகளுக்குச் செல்லும் படகையும் ஒரு மாற்றுவழியாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.