1957-ல் எடையின்மையை எப்படிப் படமாக்கினார்கள்?

கேள்வி:
சோவியத் இயக்குநர் பாவெல் க்ளுஷான்ட்செவின் 'விண்மீன்களுக்கான பாதை' பார்த்தேன். 1957-ல் வந்த படம். கப்பலுக்குள் வீரர்கள் மிதக்கிறார்கள், கம்பி எங்கேயும் கண்ணில் படவில்லை. கணினியில் அழிக்க வழியில்லாத காலம். எப்படி எடுத்திருப்பார்?

பதில் 1:
மெல்லிய கம்பிக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். பின்னணியும் கறுப்பு என்றால் யாருக்குத் தெரியப்போகிறது?

பதில் 2:
வெளியே, விண்வெளியில் மிதக்கிற காட்சிக்கு அது சரி. கப்பலுக்குள் பளிச்சென்று விளக்கு எரிகிறதே, அங்கே சாயம் உதவாது. நான் சண்டைப் பயிற்சிக் குழுவில் ரோப் கட்டுகிறவன், அதனால் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நாங்கள் ஆளைத் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் கேமரா வைப்போம். கம்பி தெரியத்தான் செய்யும், பிறகு கிராபிக்ஸ்காரர்கள் உட்கார்ந்து ஃப்ரேம் ஃப்ரேமாக அழிப்பார்கள். இந்த மனிதர் செட்டையே செங்குத்தாக நிமிர்த்திவிட்டு, கேமராவை நடிகருக்கு நேர் கீழே வைத்து மேல்நோக்கி எடுத்தார். கம்பியை நடிகரின் உடம்பே மறைத்துவிடும். ஆள் கொஞ்சம் விலகினால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். தொங்குகிறவருக்கு முதுகு விட்டுப்போகும். அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் 1968-ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' விண்வெளிப் படத்தில் சில காட்சிகளை இதே வழியில்தான் எடுத்தார்.

அப்புறம் இன்னொன்று. படம் முடிகிற நேரத்தில், அக்டோபர் 4 அன்று முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்துவிட்டது. உடனே அதையும் படத்தில் சேர்த்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
அருமை அண்ணா. இவ்வளவு செய்தவரை ஏன் யாருக்கும் தெரியவில்லை?

பதில் 2:
பாதிக் காரணம் அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கார்மன். க்ளுஷான்ட்செவ் 1962-ல் வெள்ளிக் கோளை வைத்து 'புயல்களின் கோள்' எடுத்தார். கார்மன் அதை வாங்கி, வெட்டி, அமெரிக்க நடிகர்களின் காட்சிகளை ஒட்டி, 1965-லும் 1968-லும் இரண்டு படங்களாக்கி விற்றார். முதல் படத்தில் இயக்குநர் என்று ஜான் செபாஸ்டியன் பெயர் வரும்; அது கர்டிஸ் ஹாரிங்டனின் புனைபெயர். அசல் வேலை யாருடையது என்று பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் தொழில்காரன் கண்ணுக்குத் தப்பாது. ஹாலிவுட்டில் ஆஸ்கர் வாங்கிய ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர் ராபர்ட் ஸ்கோடாக், இவரைத் தேடி ரஷ்யாவுக்கே போனார்.

கார்மன் படங்களைப் பார்க்காதீர்கள், அசலைப் பாருங்கள். எரிமலைக் குழம்புக்கு நடுவே ரோபோ ஜான் வீரர்களைச் சுமந்து வருகிற காட்சி அதில் இருக்கிறது.