வண்டி மோதிய பிறகு எதிர்த்தரப்பை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

சேரன்மகாதேவி அக்கா:
முக்கூடல் ரோட்டில் தம்பி மீது எதிரே வந்த பைக் மோதிவிட்டது. தொடை எலும்பில் பிளேட் வைத்து ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். எஃப்ஐஆர், கோர்ட் எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். எனக்கு ஆறாதது வேறு. மோதிய பையனின் அம்மா வார்டுக்கு வந்தார். கையில் ஹார்லிக்ஸும் ஒரு சீப்புப் பழமும். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "சாப்ட்டியாய்யா?" என்று மட்டும் கேட்டார். தம்பி தலையாட்டுவதற்குள் சித்தப்பா வந்து, "கேஸ் முடியுற வரைக்கும் இங்க வரக்கூடாது" என்று அனுப்பிவிட்டார். பழத்தையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) பணம் வந்தது, காலும் தேறிவிட்டது. அந்தப் பையைத் திரும்பக் கையில் கொடுத்தது இருக்கிறதே, அதை என்னால் மறக்க முடியவில்லை.

நாங்குநேரி:
சித்தப்பா செய்தது சரி, தங்கச்சி. நான்குவழிச் சாலையில் எங்கள் அப்பாவை இடித்தவர் வீட்டிலிருந்தும் இப்படித்தான் ஆப்பிளோடு வந்தார்கள். அடுத்த தடவை எழுதிய தாளோடு வந்தார்கள். கட்டுப் போட்ட விரல்களுக்கு நடுவே பேனாவைச் சொருகி, "சமாதானமாப் போயிருவோம் அண்ணாச்சி" என்றார்கள். மயக்க மருந்து தெளியாத மனுஷன் கையெழுத்துப் போடவே போய்விட்டார். நான் தாளைப் பிடுங்கிக் கிழித்தேன். பழம் கொண்டுவருகிறவர்களை நம்பாதீர்கள்.

வண்ணார்பேட்டை:
அண்ணாச்சி, ஒரு வீட்டை வைத்து எல்லாரையும் அப்படிச் சொல்ல வேண்டாம். ஆலங்குளம் பக்கம் வேன் தட்டி நானும் வீட்டுக்காரரும் விழுந்தபோது, அந்த வேன் டிரைவர்தான் தன் துண்டால் என் தலையைக் கட்டி, 108 வரும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறோம். எதிர் வண்டிக்கு இன்சூரன்ஸும் ஓட்டியவருக்கு லைசென்ஸும் இருந்தால் இழப்பீட்டைக் கம்பெனிதான் கட்டும். கிரிமினல் வழக்கு தனி, கிளைம் தனி. அந்த அம்மாவோடு பேசியதால் உங்கள் கிளைம் போய்விடாது. எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அவ்வளவுதான். ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்), எஃப்ஐஆர் நகல், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் உண்டு, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் கேளுங்கள். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் கிளைம் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1 முதல் சட்டம். முன்பு அந்தக் கெடு கிடையாது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், ஆனாலும் நாள் கடத்தாதீர்கள். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் இறப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு. அப்புறம், வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி (வெளியாட்களுக்கு ஆகும் பாதிப்புக்கு மட்டுமான இன்சூரன்ஸ்) உள்ள பைக்கில் ஓட்டியவர் தவறால் விழுந்தால், பின்னால் இருந்தவருக்கு அந்தப் பாலிசியில் பணம் வராது. வீட்டம்மாவை உட்காரவைத்துப் போகிறவர்கள் முழு பாலிசி எடுங்கள்.

அம்பை:
நாங்கள் அந்தப் பக்கத்து ஆட்கள். தம்பி வண்டியில் அடிபட்டு ஒரு பெரியவர் இறந்துபோனார். கவனக்குறைவால் மரணம் என்று 106ஆவது பிரிவில் வழக்கு. அவர்கள் தெருப்பக்கமே போகக் கூடாது என்றார் வக்கீல். ஆனால் பெரியவரின் மகனே ஸ்டேஷன் வாசலில் தம்பியைத் தேடி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நான் குறுக்கே போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்து, "எங்கப்பா கடைசியா ஏதும் சொன்னாவளா?" என்றார்.

"தண்ணி கேட்டாவ. பாபநாசம் பஸ் போயிட்டான்னு கேட்டாவ" என்றான் தம்பி.

அந்த மனுஷன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கோர்ட்டில் இதை யார் அவருக்குச் சொல்லியிருப்பார்கள்? வக்கீல் பேச்சைக் கேட்டு ஒதுங்கியே இருந்திருந்தால் அவருக்குத் தெரியாமலே போயிருக்கும். அதனால் நாங்குநேரி அண்ணாச்சி சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

இப்போது கிளைம் வழக்கில், பெரியவர் பார்க்காமல் குறுக்கே வந்தார் என்று தம்பியைச் சொல்லச் சொல்கிறது இன்சூரன்ஸ் தரப்பு. "அவுக ஓரமாத்தான் நின்னாவ, அப்படிச் சொல்ல மாட்டேன்" என்கிறான். நடந்ததைச் சொன்னால் கிரிமினல் வழக்கில் அவனுக்கே பாதகம் என்கிறார் எங்கள் வக்கீல். நான் தம்பி பக்கம்தான். இப்படிக் கூண்டில் ஏறிச் சொன்னவர்கள் யாராவது இருந்தால், அதன்பிறகு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். அடுத்த வாய்தா தை மாதம்.