மேட் தாளில் நிழலெல்லாம் அடைத்துக்கொள்கிறது: கறுப்பு வெள்ளைக்குச் சொந்தப் புரொஃபைல் செய்வது எப்படி?

தீம்பார் பையன் (சுங்கை சிப்புட்)

வணக்கம். எங்கள் தோட்டத்தில் மிச்சமிருக்கும் பால்வெட்டுக்காரர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து வருகிறேன். சுற்றிலும் செம்பனை வந்துவிட்டது, ரப்பர் நிரை கொஞ்சம்தான் பாக்கி. மாரியம்மன் கோயில் திருவிழாவில் மண்டபத்தில் மாட்டலாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார்.

பிரிண்டர் எப்சன், மூன்று கறுப்பு மை. தாள் பளபளப்பில்லாத பருத்தி மேட். தாளோடு வந்த கலர் புரொஃபைலில் (அந்தத் தாளில் மை எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) அடித்தால், மரத்தடியில் நிற்கும் பாட்டியின் முகமும் பின்னால் உள்ள பட்டையும் ஒன்றாகிவிடுகின்றன. திரையில் கன்னச் சுருக்கம் வரை தெரிகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணம்) இருக்கும் பால் வெளுத்துப்போகிறது. வெயிலில் ஒரு சாயல், டியூப் லைட்டில் வேறு சாயல். இந்தத் தாளுக்கென்று நானே புரொஃபைல் செய்ய முடியுமா?

கிந்தா கரை

அச்சடிக்கும்போது திறக்கும் பிரிண்டர் டிரைவரில் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் முறை இருக்கும், அதில் அடித்துப் பாருங்கள் தம்பி. பெரும்பாலும் கறுப்பு மைகளையே எடுக்கும், கலர் மை துளிதான். சாயல் மாறுவது அடங்கும்.

இருட்டறை அக்கா (கோலகங்சார்)

அது சாயலுக்குச் சரி. நிழலுக்குப் போதாது. நம் ஆட்களின் தோல் நிறம், அதுவும் காலையில் மரத்தடியில், மொத்தமாகக் கீழ் டோன்களில்தான், அதாவது இருண்ட சாம்பல்களில்தான், விழும். அங்கே ஒவ்வொரு படியும் தனித்தனியாகப் பிரிய வேண்டும். தாளோடு வரும் பொதுப் புரொஃபைலுக்கு அந்தக் கவலை கிடையாது.

ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் மென்பொருளை எடுங்கள். அதில் ஒவ்வொரு மையையும் தனியாகக் கட்டுப்படுத்தலாம். முதல் வேலை மை அளவு. கேலிப்ரேஷன் (மையைச் சோதித்துப் பார்க்கும்) முறையில் ஒவ்வொரு மைக்கும் ஒரு பட்டை அச்சாகும். மூன்று கறுப்பில் அடர்த்தியான மேட் பிளாக் பட்டையைக் கவனியுங்கள். ஓர் இடத்துக்கு மேல் மை கூடும், கருமை கூடாது. சில தாள்களில் திரும்பி வெளுக்கவும் செய்யும். அதற்குச் சற்று முன்னாலேயே லிமிட்டை வையுங்கள். நிழல் அடைப்பது அநேகமாக அங்கேதான் ஆரம்பிக்கிறது. அப்புறம், வெளிர் கறுப்பான லைட் பிளாக்கின் முழுக் கருமை மேட் பிளாக்கின் எந்தப் படிக்குச் சமம் என்று பார்த்துப் பதியுங்கள். அதைவிட வெளிரான லைட் லைட் பிளாக்குக்கும் அப்படியே. ஒரு மை எங்கே விட்டு அடுத்தது எங்கே தொடர வேண்டும் என்பதை மென்பொருள் இதை வைத்துத்தான் முடிவு செய்யும்.

பிறகு வெள்ளையிலிருந்து கறுப்பு வரை போகும் 21 படிப் பட்டையை அச்சடித்து அளக்க வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் அவசரம் வேண்டாம், ஒரு நாள் காயட்டும். நிறம் அளக்கும் பழைய கலர்மங்கி கருவி இரவல் கிடைத்தாலே போதும். வெள்ளைக்கு எல் மதிப்பு (வெளிர்மை அளவு; 0 முழுக் கறுப்பு, 100 முழு வெள்ளை) 96, கறுப்புக்கு 16 என்று வந்தால், 20 இடைவெளிக்கு 80. படிக்கு 4 வீதம் இறங்க வேண்டும். கடைசிப் படிகளில் 1, 2 என்று மட்டும் இறங்கினால், பாட்டியின் முகம் காணாமல் போன இடம் அதுதான். அளந்த எண்களை லீனியரைஸ் (படிகளைச் சமமாக்கும்) பகுதியில் கொடுத்து, மறுபடி அச்சடித்து, மறுபடி அளந்து பாருங்கள்.

எங்கள் ஊரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் பட்டையைத்தான் நான் சோதனைப் படமாக வைத்திருக்கிறேன். அதில் வெடிப்புகள் தனித்தனியாகத் தெரிந்தால் முகமும் தெரியும்.

தீம்பார் பையன்

ரொம்ப நன்றி அக்கா. கருவிக்கு வழியில்லை, வீட்டில் பிளாட்பெட் ஸ்கேனர் இருக்கிறது. அது உதவுமா? சாயலை எப்படி வைப்பது?

இருட்டறை அக்கா

உதவும். ஆட்டோ திருத்தங்களை எல்லாம் அணைத்துவிட்டு, மதிப்பு தெரிந்த சாம்பல் பட்டையையும் உங்கள் பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஸ்கேனில் எடுங்கள். ஆழ்ந்த கறுப்பில் ஸ்கேனர் தடுமாறும். கடைசிப் படிகளை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாலும் பாருங்கள்.

கறுப்பு மைகளை மட்டும் வைத்தால் லேசாகப் பழுப்பு ஓடும், ஆனால் எந்த விளக்கிலும் அதிகம் மாறாது. நடுநிலைச் சாம்பல் வேண்டுமென்றால் லைட் சயான் (வெளிர் நீலம்), லைட் மெஜந்தா (வெளிர் ஊதாச் சிவப்பு) மைகளும் துளி சேர்க்க வேண்டும். நானாக இருந்தால் சேர்க்க மாட்டேன். வெயிலில் உழைத்த முகங்களுக்கு அந்தப் பழுப்பு அழகாக இருக்கும். திருவிழாவுக்குள் தாளை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் மை அளவிலிருந்து எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும்.